பழைய காரில் இருப்பது எந்த எஞ்சின்?



ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒட்டு மரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றுமேடையில் விதையிலிருந்து முளைத்த கன்று ஒன்று. அதன் பட்டையைக் கீறி ஒட்டிய மொட்டு வேறொன்று. மொட்டு ஒட்டிக்கொண்டதும் கன்றின் பழைய தண்டை வெட்டிவிடுகிறார்கள். மரம் வளர்ந்த பிறகு வேர் ஒரு ரகம், பால் தரும் பட்டை வேறு ரகம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே மரம்தான். பால் வெட்டுகிறவரோ அடிமரத்தைப் பார்ப்பார். யானைக்கால் போலப் புடைத்திருக்கும் இணைப்பைக் கண்டதும், இது ஒட்டு மரம் என்று சொல்லிவிடுவார்.

பழைய மோட்டார் கார்களிலும் ஒட்டு மரங்கள் உண்டு. வெளியே ஒரு கம்பெனியின் பெயர் பளபளக்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது வேறு கம்பெனியின் எஞ்சினாக இருக்கும். அல்லது அதே கம்பெனியின் எஞ்சினாக இருந்தாலும், அந்த ஆண்டுக்கு உரியதாக இராது. ஒரு பழைய காரில் பூட்டியிருப்பது எந்த எஞ்சின் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று நாம் தெரிந்துகொள்ளப் போவது இதைத்தான்.

எஞ்சினும் வண்டியும் அவ்வளவு எளிதில் பிரியக் கூடியவையா என்று சிலர் ஐயப்படலாம். அவர்கள் சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கியின் கதையைக் கேட்க வேண்டும். இன்று சாங்கி என்றால் 1981ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் கைதிகளாகச் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் அரிசி வேண்டும், விறகு வேண்டும். அவற்றைச் சுமந்து வர வண்டி வேண்டும். பெட்ரோலோ கிடையாது. கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய லாரிகளையும் கார்களையும் எடுத்தார்கள். எஞ்சினைக் கழற்றினார்கள், மேற்கூட்டையும் கழற்றினார்கள். சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் மிஞ்சின. முன்னால் கயிறும் கம்பியும் கட்டி, மாடுகள் இழுப்பதுபோல மனிதர்களே வரிசையாக நின்று இழுத்தார்கள்.

அந்தக் கைதிகளில் பலர் பிறகு சயாம்–பர்மா ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களும் பல்லாயிரக் கணக்கில் அதே பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள் என்பதை உங்கள் குடும்பப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் துயர வரலாறு தனியாகப் பேச வேண்டியது. இங்கே நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான். சில போல்ட்டுகளைக் கழற்றினால் எஞ்சின் ஒரு வழி போகும், வண்டி ஒரு வழி போகும். ஆகவே வண்டியின் பெயரைக் கொண்டு எஞ்சினின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

போர்க்காலத்தில்தான் இப்படி நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கார் 50, 60 ஆண்டு ஓடினால் அதன் எஞ்சின் தேய்ந்துவிடும். உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்தாலும் விலை அதிகம். அதைவிட, விபத்தில் நசுங்கிய வேறொரு காரின் நல்ல எஞ்சின் மலிவாகக் கிடைத்தால் எடுத்துப் பூட்டிவிடுவது எளிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பட்டறைக்காரர்கள் இதைக் காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். இதில் தவறில்லை. பூட்டியது இன்னது என்று வாங்குகிறவருக்குத் தெரியாமல் போவதில்தான் தொல்லை இருக்கிறது.

என்ன தொல்லை? ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மகனுக்காகப் பழைய கார் ஒன்றை வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் பட்டறை வேலை கற்றவன். காரைப் புதுப்பித்துத் திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் எண்ணம். விற்பவர், "எல்லாம் அசல்" என்கிறார். பணம் கைமாறுகிறது. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது.

முதலாவது, உதிரிப் பாகம். புத்தகத்தைப் பார்த்து வாங்கிய பிஸ்டனும் கேஸ்கட்டும் எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. வாங்கிய பணம் வீண்.

இரண்டாவது, சாலை வரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெட்ரோல் கார்களுக்கான சாலை வரி, எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில் 1000 சி.சி. வரை உள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1000ஐத் தாண்டி 1200 சி.சி. வரை என்றால் 55 ரிங்கிட். சிங்கப்பூரிலும் 1000 சி.சி. என்பது ஓர் எல்லைக் கோடு. சிறிய எஞ்சினுக்கு வரி கட்டிவிட்டுப் பெரிய எஞ்சினை ஓட்டினால், தெரியாமல் செய்தாலும் கேள்வி வரும்.

மூன்றாவதுதான் பெரிய தொல்லை. பதிவுப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண் ஒன்று, எஞ்சினில் உள்ள எண் வேறொன்று என்றால், வண்டியைப் பெயர் மாற்ற முடியாது. அந்த எஞ்சின் திருடப்பட்ட காரிலிருந்து வந்ததாக இருந்தால் போலீஸ் நிலையப் படியும் ஏற வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்தோடு நிம்மதியும் போய்விடும். ஆகவே எஞ்சினை அடையாளம் காண்பது பொழுதுபோக்குக்காரர்களுக்கு மட்டும் உரிய வித்தை அன்று. பழைய வண்டி வாங்கும் எவருக்கும் அது வேண்டிய அறிவு.

இனி வழிக்கு வருவோம். எந்தக் காரைப் பழைய கார் என்பது? பிரிட்டனில் பழங்கார் அன்பர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே 'விண்டேஜ்' என்பார்கள். சிங்கப்பூரில் 1940 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் செய்யப்பட்ட வாகனங்கள் அந்த வகுப்பில் சேர்கின்றன. நம் பேச்சு வழக்கிலோ தாத்தா காலத்துக் கார் எல்லாமே 'விண்டேஜ்'தான். நாமும் அந்தப் பரந்த பொருளிலேயே பேசுவோம். முதலில், நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கக் கூடிய ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதுதான் மோரிஸ் மைனர்.

ஆமை முதுகு போன்ற வடிவமுள்ள இந்தச் சிறிய கார் 1948இல் இங்கிலாந்தில் பிறந்தது. 1971 வரை உற்பத்தியானது. 16 லட்சத்துக்கு மேல் விற்றது. மலாயாச் சாலைகளிலும் சிங்கப்பூர்த் தெருக்களிலும் இலங்கையின் தேயிலை மலைப் பாதைகளிலும் ஓடியது. எளிய கார், செலவு குறைந்த கார் என்று பெயர் வாங்கியது. வெளித்தோற்றம் 20 ஆண்டுக்கு மேல் பெரிதும் மாறவில்லை. ஆனால் உள்ளே எஞ்சின் மூன்று முறை மாறியது.

1948 முதல் 1953 வரை வந்தவற்றில் 918 சி.சி. எஞ்சின் இருந்தது. 1952இல் 803 சி.சி. எஞ்சின் வரத் தொடங்கியது. 1956இல் அது 948 சி.சி. ஆயிற்று. 1962இல் 1098 சி.சி. ஆயிற்று. ஆக, ஒரே முகம், நான்கு எஞ்சின்கள். நம் உதாரணக் குடும்பம் வாங்கப் போவது இவற்றுள் எது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி, வண்டியின் உடம்பைப் பார்ப்பது. முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்திருந்தால், அது 1956க்கு முந்திய உடம்பு. அதில் ஆதியில் இருந்தது 918 அல்லது 803. முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருந்தால், ஆதியில் இருந்தது 948 அல்லது 1098. எஞ்சின் அறைக்கும் உட்காரும் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில் காரின் எண் பொறித்த தகடு ஒன்று இருக்கும். 1950களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில் அந்த எண் 'எம்ஏ2எஸ்3' அல்லது 'எம்ஏ2எஸ்5' என்பதுபோலத் தொடங்கும். 'எம்' என்றால் மோரிஸ். 'ஏ' என்றால் ஏ வரிசை எஞ்சின். '2எஸ்' என்றால் இரண்டு கதவு உள்ள கார். கடைசியில் 3 இருந்தால் 948 சி.சி. காலத்துக் கார், 5 இருந்தால் 1098 சி.சி. காலத்துக் கார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவையெல்லாம் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லும். இன்று என்ன இருக்கிறது என்பதைச் சொல்லா. பிறப்புப் பத்திரம் பிறந்த ஊரைச் சொல்லும், குடியிருக்கும் ஊரைச் சொல்லுமா?

இரண்டாவது படி, எஞ்சினின் வடிவத்தைப் பார்ப்பது. 918 சி.சி. எஞ்சின் பழைய முறைப்படி ஆனது. அதன் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே, பிளாக்கினுள் அமைந்திருக்கும். ஆகவே மேலே இருக்கும் ஹெட் தட்டையான இரும்புப் பலகை போலக் காணப்படும். ஸ்பார்க் பிளக்குகள் அந்தப் பலகையின் மேல் வரிசையாக நிற்கும். மற்ற மூன்று எஞ்சின்களும் ஏ வரிசையைச் சேர்ந்தவை. இவற்றில் வால்வுகள் தலைக்கு மேலே இருக்கும். அவற்றை மூட நீண்ட தகர மூடி ஒன்று உண்டு. எண்ணெய் ஊற்றும் வாய் அந்த மூடியின் மேல் இருக்கும். கார்புரேட்டரும் புகை செல்லும் குழாயும் ஒரு பக்கம், பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் மறுபக்கம். இந்த வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். 918 எஞ்சினையும் ஏ வரிசை எஞ்சினையும் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

பெயிண்ட் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எந்தத் தூரிகையும் எந்த எஞ்சினுக்கும் நிறம் பூசும்.

மூன்றாவது படி, எஞ்சின் எண்ணைப் படிப்பது. 803, 948, 1098 ஆகிய மூன்றும் வெளிப்பார்வைக்கு உடன்பிறந்தவை போல இருக்கும். இங்கேதான் எண் உதவுகிறது. மோரிஸ் மைனரில், டைனமோவுக்கு மேலே பிளாக்கின் பக்கத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பல ஆண்டு எண்ணெயும் புழுதியும் அதை மூடியிருக்கும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கம்பிப் பிரஷ் கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். எழுத்து அழிந்துவிடக்கூடும். எழுத்து மங்கலாக இருந்தால், அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் காகிதத்தில் எழும். அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

1950களின் நடுப்பகுதிக்குப் பின் இந்தக் கம்பெனி தன் எஞ்சின் எண்களை ஓர் ஒழுங்கோடு எழுதியது. உதாரணமாக '9எம்/யூ/எச்' என்று தொடங்கி, அதன்பின் வரிசை எண் வரும். முதலில் உள்ள இலக்கம் கொள்ளளவு. 9 என்றால் 948 சி.சி., 10 என்றால் 1098, 12 என்றால் 1275, 15 என்றால் 1489. 8 என்றால் 803, அல்லது மினி காரில் வந்த 848. அடுத்துள்ள எழுத்து எந்தக் காருக்காகச் செய்தது என்பதைக் காட்டும். 'எம்' என்றால் மோரிஸ், 'ஏ' என்றால் ஆஸ்டின். 'யூ' என்றால் கியர் கம்பி தரையில் இருக்கிறது என்று பொருள். கடைசி எழுத்து 'எச்' என்றால் எஞ்சினில் அழுத்தம் அதிகம், 'எல்' என்றால் குறைவு. தரம் குறைந்த பெட்ரோல் விற்கும் ஊர்களுக்கு 'எல்' வகை ஏற்றது.

ஆகவே வளைந்த கண்ணாடி உள்ள ஒரு காரின் சுவர்த் தகட்டில் 3 என்றும், எஞ்சின் தகட்டில் 10 என்றும் இருந்தால் என்ன பொருள்? உடம்பு 948 காலத்தது, எஞ்சின் 1098. ஒட்டு மரம்! சாலை வரியும் 1000 சி.சி. கோட்டைத் தாண்டிவிட்டது. எஞ்சின் தகட்டில் '12வி' என்று தொடங்கினால், அது பிற்காலத்தில் மோரிஸ் மரீனா போன்ற கார்களில் வந்த 1275 சி.சி. எஞ்சினாக இருக்கலாம். அதுவும் மைனரில் பூட்டக் கூடியதே.

இன்னொரு செய்தி. எண் பொருந்தவில்லை என்றால் உடனே திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய எஞ்சினைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சினைக் கொடுக்கும் வழக்கம் அந்தக் கம்பெனிக்கே இருந்தது. 'கோல்டு சீல்' என்பது அதன் பெயர். அத்தகைய எஞ்சினுக்குத் தனி எண் உண்டு. நேர்மையாக மாற்றியவர் அந்த மாற்றத்தைப் பதிவுப் பத்திரத்திலும் ஏற்றியிருப்பார். அதைக் கேட்டுப் பார்ப்பதே முறை.

நான்காவது படி, அளந்து பார்ப்பது. தகடு ரிவிட்டால் பொருத்தியது என்றோம் அல்லவா? ரிவிட்டை வெட்டி ஒரு தகட்டை வேறு எஞ்சினுக்கு மாற்றவும் முடியும். ரிவிட்டுகள் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தாலோ, எண் உள்ள இடம் அரத்தால் ராவியதுபோல் இருந்தாலோ, எழுத்துகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் குத்தியிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். அப்போது இரும்பையே கேட்க வேண்டும்.

சி.சி. என்பது என்ன? பிஸ்டன் கீழிருந்து மேலே போகும்போது சிலிண்டரில் தள்ளும் இடத்தின் அளவு. ஒரு நேரான மூங்கில் குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதைப் போன்ற கணக்குத்தான். குழாயின் குறுக்களவும் உயரமும் தெரிந்தால் போதும். எஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவைத் துளை என்போம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை ஓட்டம் என்போம். துளையைத் துளையாலே பெருக்கி, அதை 0.7854 ஆல் பெருக்கி, ஓட்டத்தால் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மில்லிமீட்டரில் அளந்திருந்தால் வரும் விடையை 1000 ஆல் வகுத்தால் சி.சி. கிடைக்கும்.

பழைய பக்க வால்வு எஞ்சினுக்குத் துளை 57 மில்லிமீட்டர், ஓட்டம் 90. கணக்குப் போட்டுப் பாருங்கள். 57ஐ 57ஆல் பெருக்கினால் 3249. அதை 0.7854 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2552. அதை 90 ஆலும், பிறகு 4 ஆலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் 918க்குச் சற்று மேல் வரும். அதுதான் 918 சி.சி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இதை வீட்டுக் கணக்காகவே கொடுக்கலாம்.

மற்ற மூன்றின் அளவுகளைச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். 803க்குத் துளை ஏறத்தாழ 58, ஓட்டம் 76.2 மில்லிமீட்டர். 948க்குத் துளை 62.9, ஓட்டம் அதே 76.2. 1098க்குத் துளை 64.6, ஓட்டம் 83.7.

இந்த அளவுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. எஞ்சின் தேயும்போது சிலிண்டர் துளைதான் தேய்கிறது. பட்டறையில் அதைக் கடைந்து அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஆகவே துளையின் அளவு கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் கடைவதால் ஓட்டம் மாறாது. துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினாலும் 948 எஞ்சின் 977 சி.சி. அளவுக்குத்தான் வரும், 1098 ஆகாது. எனவே 948ஆ 1098ஆ என்ற சண்டையைத் தீர்ப்பது ஓட்டம். 76 என்றால் ஒன்று, கிட்டத்தட்ட 84 என்றால் மற்றொன்று. ஹெட்டைக் கழற்றி அளக்க வேண்டும் என்பதால் இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் குச்சியை விட்டு அளப்பது சரியான அளவைத் தராது, துளை சாய்வாக இருப்பதே காரணம்.

இதுவரை ஒரே குடும்பத்து எஞ்சின்களைப் பார்த்தோம். வேற்றுக் குடும்பத்து எஞ்சின் இருந்தால் என்ன செய்வது? உலகின் பல நாடுகளில் மைனருக்குள் ஜப்பானிய எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள். டாட்சன் எஞ்சினானால் வரிசை எண்ணுக்கு அருகே 'ஏ12' என்பதுபோல் வகைப் பெயரும் பொறித்திருக்கும். ஏ12 என்பது 1171 சி.சி. டொயோட்டா எஞ்சினானால் '3கே' அல்லது '4கே' என்று காணலாம். 3கே என்பது 1166 சி.சி., 4கே என்பது 1290 சி.சி. இவற்றின் எண் தகட்டில் இராது, பிளாக்கின் இரும்பிலேயே குத்தியிருக்கும். ஆகவே தகட்டைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பிளாக்கின் சமதளமான இடங்களைத் துடைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் உறவினர் வைத்திருக்கும் அம்பாசிடர் காரும் இதே பாடத்தைச் சொல்லும். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரைப் பின்பற்றி வந்தது. 2014 வரை உற்பத்தியானது. நெடுங்காலம் அதில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருந்தது. டீசல் எஞ்சினும் வந்தது. 1990களில் இசுசு வகையைச் சேர்ந்த 1817 சி.சி. எஞ்சினும் சேர்ந்தது. முகம் ஏறக்குறைய அதேதான். பெட்ரோலா டீசலா என்பதை மட்டும் உடனே சொல்லிவிடலாம். ஸ்பார்க் பிளக்குகளும் அவற்றுக்குப் போகும் தடித்த ரப்பர் வயர்களும் இருந்தால் பெட்ரோல். அவை இல்லாமல், ஒரு பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய இரும்புக் குழாய்கள் போனால் டீசல்.

கடைசியாக, உண்மையான 'விண்டேஜ்' கார்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு 'டி' மாடல் உலகெங்கும் ஓடிய கார். அதில் எஞ்சினில் குத்திய எண்ணே நெடுங்காலம் காரின் எண்ணாகவும் இருந்தது. எஞ்சினை மாற்றினால் காரின் பெயரையே மாற்றியதுபோல ஆகிவிடும். அதற்கு நேர்மாறானது 1932இல் வந்த ஃபோர்டு வி8. அதன் பிளாக்கில் எவ்வளவு தேடினாலும் எஞ்சின் எண் கிடைக்காது. எண் கிளட்ச் கூட்டின் மேலும் அடிச்சட்டத்தின் மேலும் குத்தியிருந்தது. அப்படியானால் எஞ்சினின் வயதை எப்படி அறிவது? ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளை எண்ண வேண்டும். ஒரு பக்கத்து ஹெட்டில் 21 இருந்தால் 1930களில் முதலில் வந்த வகை. 24 இருந்தால் 1938 முதல் வந்த வகை. சிங்கப்பூரில் புக்கிட் தீமாவில் 1941இல் திறந்த ஃபோர்டு தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்து கையெழுத்திட்ட இடம் அதுவே. இப்போது அது வரலாற்றுக் காட்சியகம்.

இந்த இரண்டு கார்களும் நமக்குச் சொல்வது என்ன? எல்லாக் காருக்கும் ஒரே விதி கிடையாது. எந்த எஞ்சினில் எந்த இடத்தில் எண் இருக்கும் என்பதை அந்தக் காருக்கான கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் இருக்க வேண்டிய இடம் தெரியாமல் தேடுகிறவர், எண்ணே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அல்லது வார்ப்பில் புடைத்து நிற்கும் அச்சு எண்ணை எஞ்சின் எண் என்று தவறாக எழுதிக்கொள்வார். வார்ப்பு எண் ஆயிரக் கணக்கான எஞ்சின்களுக்குப் பொதுவானது. எஞ்சின் எண் ஒன்றுக்கு மட்டும் உரியது.

ஆகவே நேயர்களே, பழைய கார் வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். பணம் கொடுப்பதற்கு முன் பதிவுப் பத்திரத்தைக் கையில் வாங்குங்கள். அதில் உள்ள அடிச்சட்ட எண், எஞ்சின் எண், சி.சி., ஆண்டு ஆகிய நான்கையும் தனிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் உடம்பைப் பார்த்து, ஆதியில் இருந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினின் வடிவத்தைப் பாருங்கள். எண்ணைத் துடைத்துப் படித்து, பென்சிலால் படி எடுங்கள். எல்லாம் பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால், மாற்றியது எப்போது, எஞ்சின் எங்கிருந்து வந்தது, ரசீது இருக்கிறதா, பதிவில் ஏற்றியாயிற்றா என்று கேளுங்கள். மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திலும் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்ய வழி உண்டு. பதிவு முடிந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்மையாக விற்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

எஞ்சின் மாறிய கார் எல்லாம் கெட்ட கார் என்றும் எண்ண வேண்டாம். மலையேற வலுவுள்ள எஞ்சினைப் பூட்டி, பதிவிலும் முறையாக ஏற்றி, இன்றும் குடும்பத்தைச் சுமந்து ஓடும் கார்கள் உண்டு. ஒட்டு மரம் அதிகப் பால் தருவதில்லையா? ஆனால் தோட்டத்தில் நடும்போது அது இன்ன ரகம் என்று கணக்கில் எழுதித்தான் நட்டார்கள். காருக்கும் அந்தக் கணக்கு வேண்டும். வாய்ச்சொல்லைக் கேளுங்கள், பத்திரத்தையும் பாருங்கள், ஆனால் கடைசித் தீர்ப்பை இரும்பிடம் விடுங்கள்.